முத்திரை இல்லாத குரல்

வெர்னா லிண்ட்க்விஸ்ட்டுக்கு லேசில் பயம் வராது. மினசோட்டாவில் இருபத்திரண்டு பனிக்காலம் கிராமத்துத் தபால் வண்டி ஓட்டியவள். வலப்பக்க இருக்கையில் உட்கார்ந்து, இடது காலை நீட்டி மிதித்து, இடது கையால் வண்டியைத் திருப்பி, வலது கையால் சாலையோரப் பெட்டிகளில் கடிதம் போடுவாள். நாய் கடித்ததையும் வண்டி பள்ளத்தில் இறங்கியதையும் சிரித்துக்கொண்டே சொல்வாள்.

சொல்லாதது ஒன்று உண்டு. கணவன் ஆர்வில் இறந்த அன்று காலை, காப்பி குடிக்கும்போது அவர் பேச்சு குழறியது. ராத்திரி சரியாகத் தூங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து இவள் வேலைக்குப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது அவர் சமையலறைத் தரையில் கிடந்தார். அந்தக் குழறலைப் பற்றி அவள் பாதிரியாரிடம்கூட வாய் திறக்கவில்லை.

அதற்கப்புறம் வண்டியில் ரேடியோ போடுவதையும் விட்டுவிட்டாள். இரண்டு வருஷம் அப்படிப் போனது. 2005 வசந்தத்தில், தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் டுவேன் தன் பழைய ஐபாடை அவள் கையில் திணித்தான்.

"இதுல ஒஹையோக்காரர் ஒருத்தர் இருக்காரு. வெண்டல்னு பேரு. வீட்டுக்கு அடியில இருக்கிற அறைல உக்காந்து ஓட்ட ரேடியோவ ரிப்பேர் பண்ணிக்கிட்டே பேசுவாரு. கேளுங்க அம்மணி."

"எந்த ஸ்டேஷன்?"

"ஸ்டேஷனே கெடையாது. இதுக்குப் பேரு பாட்காஸ்ட். அவரு பேசிப் போடுவாரு, என் கம்ப்யூட்டர் எடுத்து வச்சுக்கும், நான் இந்தப் பொட்டிக்குள்ள ஏத்திக் குடுப்பேன்."

"அவனவனுக்குப் பேச எடம் கெடைச்சா போதும்" என்றாள் வெர்னா. ஆனால் மறுநாளே வெண்டலோடு வாதாட ஆரம்பித்துவிட்டாள். அவர் "நல்லா இருக்கீங்களா?" என்றால் இவள் "இருக்கேன், இருக்கேன்" என்பாள். முதல் நிகழ்ச்சியிலிருந்து வரிசையாகத்தான் கேட்பேன், தாண்டிப் போவது மரியாதையில்லை என்று டுவேனிடம் சொல்லிவிட்டாள். இப்படி ஒரு பிடிவாதம்.

ஒவ்வொரு நிகழ்ச்சி முடிவிலும் வெண்டல் ஒரு தொலைபேசி எண் சொல்வார். கூப்பிட்டுப் பேசினால் பதிவாகும், அடுத்த நிகழ்ச்சியில் போடுவேன் என்பார். எண் இவளுக்கு மனப்பாடம். கூப்பிடத்தான் கூச்சம்.

ஜூன் மாதம் ஒரு புதன்கிழமை, ஹால்வர்சன் பண்ணைக்குப் பக்கத்தில், வெண்டலின் குரல் இழுத்தது.

முதலில் பொட்டிதான் கோளாறோ என்று பார்த்தாள். இல்லை. பின்னால் ஓடிய ரேடியோப் பாட்டு சரியாகத்தான் இருந்தது. வெண்டலின் வார்த்தைகள் மட்டும் வழுக்கின. ஏதோ கீழே விழுந்து உருண்டது. "கை மரத்துப் போச்சுங்க. காலைலேருந்து இது ரெண்டாவது ஸ்க்ரூ டிரைவர்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பும் குழறித்தான் வந்தது.

வெர்னா வண்டியை அப்படியே நிறுத்தினாள். "மேல போய்யா! யாரையாவது கூப்பிடு!" என்று பொட்டியைப் பார்த்துக் கத்தினாள். அவரோ வழக்கம்போல எண்ணைச் சொன்னார், ஒரு இலக்கம் தப்பாக. அதோடு முடிந்தது.

கடிதங்களை அப்படியே போட்டுவிட்டு ஹால்வர்சன் வீட்டுக் கதவைத் தட்டினாள். "ஃபோன் வேணும், இப்பவே வேணும்" என்றாள். மனப்பாடமான எண்ணை அழுத்தினாள். மணி அடித்து, பதிவுக் கருவி எடுத்தது. "அய்யா, உங்க பேச்சு சரியா இல்ல. தூக்கக் கலக்கம்னு விட்டுடாதீங்க. ஆஸ்பத்திரிக்குப் போங்க, இந்த நிமிஷமே போங்க!" சொல்லிவிட்டு ஃபோனை வைத்துவிட்டாள். அன்றைக்கு மீதிக் கடிதங்களை யார் பெட்டியில் எதைப் போட்டாளோ, அவளுக்கே தெரியாது.

சாயங்காலம் டுவேன் கம்ப்யூட்டரில் தேடினான். அவன் முகம் மாறியது.

"வெர்னா, இது இன்னிக்குப் பேசினது இல்ல. பன்னெண்டு நாளாச்சு."

"இன்னிக்குத்தானேடா கேட்டேன்!"

"நீங்க இன்னிக்குக் கேட்டீங்க. அதுக்கப்புறம் அவரு ஒண்ணுமே போடல."

வாழ்நாளெல்லாம் முத்திரைத் தேதியைப் பார்த்துக் கடிதம் கொடுத்தவளுக்கு, ஒரு குரலும் பழையதாக இருக்கலாம் என்று தோன்றவேயில்லை. எது நடக்க வேண்டுமோ அது எப்போதோ நடந்து முடிந்திருந்தது. அந்த மனிதன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் நான்கு நாள் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை டுவேன் ஐபாடைத் தந்தான். "புதுசா ஒண்ணு வந்திருக்கு. நாலே நிமிஷம். நான் கேக்கல. எனக்குத் தைரியம் இல்ல" என்றான். எப்போதும் அரைமணி நேரம் பேசுகிற ஆளுக்கு நாலு நிமிஷம்.

முப்பது பெட்டி தாண்டும்வரை அவள் அதைத் தொடவில்லை. பிறகு சாலையோரம் நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள். ஒரு பெண் குரல்.

"இது ஓடுதான்னு எனக்குத் தெரியல. நான் மார்லிஸ், வெண்டலோட வீட்டுக்காரி. அவர் உயிரோட இருக்காரு. பேச்சுதான் இல்ல, இனிமே வராதுன்னு டாக்டர் சொல்றாரு. நேத்துதான் கீழ போய் அந்த ஃபோன் மிஷினப் பார்த்தேன். அவர் பேசிப் போட்ட அன்னிக்குச் சாயங்காலமே நாலு பேர் கூப்பிட்டிருக்கீங்க. மறுநாள் காலைலதான் அவர் விழுந்தாரு. முன்னபின்ன தெரியாத உங்களுக்கெல்லாம் காதுல விழுந்திருக்கு. நான் அவர்கூடவே உக்காந்து சாப்பிட்டேன். தூக்கம் போதலன்னு நெனச்சேன்." அதற்குமேல் அழுகைதான். யாரும் அதை வெட்டியெடுக்கவில்லை.

வெர்னா வண்டியைத் திருப்பி மறுபடி ஹால்வர்சன் வீட்டுக்குப் போனாள். அதே எண்ணை அழுத்தினாள். பதிவுக் கருவியில் வெண்டலின் பழைய, தெளிவான குரல்: "நான் கீழ ஏதாவது ஒரு ரேடியோவக் கொன்னுக்கிட்டு இருப்பேன். பேசுங்க, கேக்கிறேன்."

பதிவு தொடங்கும் ஒலி வந்தது. திருமதி ஹால்வர்சன் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று வெர்னாவுக்குத் தெரியும். நாளை ஊரெல்லாம் தெரியும். வெண்டலால் முடியாவிட்டாலும், மார்லிஸ் இதை நிகழ்ச்சியில் போட்டால் இன்னும் எத்தனையோ பேருக்குத் தெரியும்.

"மார்லிஸ்," என்றாள், "என் பேரு வெர்னா. என் வீட்டுக்காரர் ஆர்வில். அன்னிக்குக் காலைல அவர் பேச்சு குழறுனது எனக்குக் கேட்டுச்சு."