கத்துவதற்கு ஒரு நேர்த்திக்கடன்

எங்கள் பக்கம் ஒரு பொம்பளை வாய்விட்டுக் கத்த இரண்டே இடம்தான். ஒன்று எழவு வீடு. இன்னொன்று சாமி இறங்கும் கோயில் வாசல். எழவு வீட்டில் கத்தினால், ராகம் சரியாக வந்ததா என்று பத்து நாள் பேசுவார்கள். சாமி வந்து கத்தினாலோ, ஆயுசுக்கும் குறி கேட்டு வருவார்கள். எனக்கு இரண்டும் வேண்டாம். யாரும் சாகாமல், எந்த ஆத்தாளும் என்மேல் ஏறாமல், சும்மா, அடிவயிற்றிலிருந்து ஒரு கத்தல். நாற்பத்தெட்டு வயதில் எனக்கு மிச்சமிருந்த ஆசை அது ஒன்றுதான்.

பெரியகுளத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் மனு தட்டச்சு செய்கிறேன். பட்டா மாறுதல், மின் இணைப்பு, முதியோர் உதவித்தொகை. நாள் முழுக்க ‘மேற்படி’, ‘கீழ்க்கண்ட’, ‘தாழ்மையுடன்’. ஒருநாள் மதியம் கூட்டமில்லாதபோது போனில் ஒரு வீடியோ வந்தது. கேரளாவில், கோட்டயம் தாண்டி ஒரு தீம் பார்க். இரும்புத் தண்டவாளம் வானத்தில் மல்லாந்து கிடக்க, அதில் ஒரு ரயில் தலைகீழாகப் போகிறது. என் வயசுப் பெண் ஒருத்தி தொண்டைக்குழி தெரியக் கத்துகிறாள். கீழே வந்ததும் முடியை ஒதுக்கிவிட்டு நடந்து போகிறாள். ‘என்னாச்சு?’ என்று ஒரு நாய்கூடக் கேட்கவில்லை.

போவதென்று அப்போதே முடிவு செய்தேன். தனியாக.

மதுரைப் பக்கமும் பார்க் உண்டு, பக்கம்தான். ஆனால் மதுரையில் எந்த வரிசையில் நின்றாலும் முன்னால் நிற்பவர் நமக்கு ஏதோ ஒரு முறையில் சித்தப்பாவாக இருப்பார். எனவே மலை தாண்டியாக வேண்டும். மனுத் தாளின் பின்பக்கம் திட்டம் எழுதினேன். புதன்கிழமை போனால் டிக்கெட் மலிவு. குமுளி வரைக்கும் பெண்களுக்குக் காசில்லாத டவுன் பஸ்களிலேயே தொத்தித் தொத்திப் போனால் என்ன என்று ஒரு கணக்குப் போட்டேன். சின்னமனூர் தாண்டுவதற்குள் எனக்கு ஐம்பது வயசாகிவிடும் என்று தெரிந்து அடித்துவிட்டேன். செவ்வாய் ராத்திரி தங்க, கோட்டயத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு விடுதி. கட்டில் மலிவு, மெத்தை அவரவர் விசுவாசத்தைப் பொறுத்தது. தண்ணீர் விளையாட்டுக்கு நைலான் உடுப்பு கட்டாயம். அங்கன வாடகை அதிகம் என்பதால் தேனியிலேயே வாங்கினேன். கடைக்காரப் பெண் கேட்டாள், “பாப்பாவுக்கா அக்கா?”

“ஆமா. பாப்பாவுக்கு நாப்பத்தெட்டு வயசு.”

இனி வீடு. தனியாகப் போகிறேன் என்று எங்கள் வடுகபட்டியில் சொல்ல முடியாது. போன வருஷம், குமுளிக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வரணும்போல இருக்கிறது என்று வாய்தவறிச் சொன்னேன். மறுநாள் காலை வாசலில் ஒரு வேன், உள்ளே பதினோரு பேர், ஒரு தூக்குவாளி புளிச்சோறு. டீ குடிக்கவே இல்லை.

ஆகவே யோசித்து யோசித்து ஒரு வழி கண்டேன். எங்கள் ஊரில் பொம்பளை பேச்சை மறிப்பார்கள், பயணத்தை மறிப்பார்கள், வேண்டுதலை மட்டும் மறிக்க மாட்டார்கள். ஒரு சாயங்காலம், தோட்டத்திலிருந்து வாழைக்கறையோடு வந்து உட்கார்ந்த வீட்டுக்காரரிடமும், பக்கத்து வீட்டிலிருந்து வெங்காயம் கேட்டு வந்த நாத்தனாரிடமும் பொதுவாகச் சொன்னேன்.

“கோட்டயத்துப் பக்கம் ஒரு பகவதி இருக்கா. தனியா வந்து கும்புடுறதா நேந்திருக்கேன்.”

“எப்ப நேந்த?” என்றார் அவர்.

“உங்களுக்கு மூலத்துக்கு ஆப்ரேசன் பண்ணையில.”

அதற்குமேல் அந்தப் பேச்சு வளர்வதை அவர் விரும்பவில்லை. நாத்தனார் விடவில்லை. “தனியாத்தான மதினி? நான் பஸ்ஸுல மட்டும் கூட வாரேன். கோயிலுக்கு வெளிய நின்னுக்கிறேன்.”

“ஆத்தா கோவிச்சுக்கிருவா.”

“கோவிச்சா யாருக்குக் கேடு?”

“உங்க அண்ணனுக்கு. திரும்ப வந்துரும்.”

“ஏத்தா, அவ தனியாவே போகட்டும்!” என்று அவர் எழுந்தே விட்டார்.

ஜெயித்தேன் என்று நினைத்தேன். மறுநாள் தெரு கிளம்பி வந்தது. தாங்கள் போக முடியாத கோயிலுக்குக் காணிக்கையை மஞ்சள் துணியில் முடிந்து, போகிறவர் கையில் கொடுத்தனுப்புவது இங்கன வழக்கம். ஒன்பது முடிச்சு. மகனுக்கு வேலை, மருமகளுக்குப் பிள்ளை, தோட்டத்து போர்வெல்லுக்குத் தண்ணீர். கடைசியாக நாத்தனாரும் ஒன்று கொடுத்தாள். எதற்கு என்று கேட்டேன். “அது ஆத்தாளுக்குத் தெரியும்” என்று மட்டும் சொன்னாள். போதாக்குறைக்கு ஒரு வாரம் எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது. அவர் ரசத்தைப் பார்த்து விட்ட பெருமூச்சுகளுக்கும் நான்தான் பொறுப்பு.

செவ்வாய்க்கிழமை மஞ்சள் சேலை கட்டி, அடியில் நைலானும் மேலே முடிச்சுகளுமாகப் பையை அடுக்கிக் கிளம்பினேன். கம்பம் தாண்டித் திராட்சைப் பந்தல்கள் பின்னால் போயின. லோயர் கேம்ப்பில் பஸ் மூச்சை இழுத்துக்கொண்டு மலை ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்தாக்கு ஒருமுறை வந்து எட்டிப் பார்த்தது, நிஜமாகவே தனியாகத்தான் போகிறாளா என்று.

புதன் காலை பார்க் வாசலில் பையைச் சோதித்தார்கள். காவலாளி மஞ்சள் முடிச்சுகளைத் தூக்கிப் பார்த்து, “சேச்சி, இதெந்தா?” என்றார். “பிரார்த்தனை” என்றேன். கண்ணில் ஒற்றிப் பயபக்தியோடு திருப்பி வைத்தார். முறுக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

பையை லாக்கரில் வைத்துவிட்டு நேரே அந்த ரயிலுக்குப் போனேன். கூட்டமில்லை. என் பக்கத்து இருக்கை காலி; அப்படி ஒரு காலியிடம் என் பக்கத்தில் இருந்து எத்தனையோ வருஷம். ரயில் கடகடவென்று ஏறியது. உச்சியில் ஒரு நொடி நின்றது. பயமாக இருந்தது, கத்தல் வராமல் போய்விடுமோ என்று. நாற்பத்தெட்டு வருஷம் திறக்காத பூட்டு. பிறகு உலகம் காலுக்கடியிலிருந்து உருவப்பட்டது, கத்தல் வந்துவிட்டது. முதல் வளைவில் ‘மேற்படி’ போயிற்று. அடுத்ததில் ‘கீழ்க்கண்ட’. தலைகீழாகத் தொங்கியபோது ‘தாழ்மையுடன்’ எங்கோ தென்னந்தோப்பில் விழுந்து தொலைந்தது. கீழே வந்ததும், ரயிலை ஓட்டும் பையன் காலி வரிசையைப் பார்த்துவிட்டுக் கேட்டான். “இனியும்?”

“இனியும்.”

ஆறு தடவை போனேன். நைலானையும் விடவில்லை, தண்ணீர்ச் சறுக்குகளில் வழுக்கிவிட்டுத்தான் கிளம்பினேன்.

திரும்பும் வழியில் ஒரு நிஜமான பகவதி கோயிலைத் தேடி ஒன்பது முடிச்சையும் உண்டியலில் போட்டேன். பொய் சொன்னது நான், அவர்கள் இல்லை என்று அவளிடம் சொல்ல வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. தொண்டை சுத்தமாகப் போயிருந்தது.

இந்தத் தொண்டை என்னை எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்கு முன்பே உறைத்திருக்க வேண்டும். வீட்டு வாசலில் அவர் கேட்டதற்கெல்லாம் நான் கரகரக்க, அவர் இரண்டடி பின்வாங்கினார். “சாமி வந்துருச்சா?” என்று கையெடுத்துக் கும்பிட்டார். நான் கையை ஆட்டி மறுத்ததை அருள் என்று எடுத்துக்கொண்டார்கள். கால் மணி நேரத்தில் கூடம் நிறைந்துவிட்டது. போர்வெல்லில் தண்ணீர் வருமா, சொல்லு ஆத்தா. எந்தக் கத்தலுக்குப் பயந்து மலை தாண்டினேனோ, அது எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தது.

பிரசாதம் எடுக்கப் பையைக் கையில் வாங்கியது நாத்தனார். கை அடிவரை போய் நின்றது. ஈர நைலான். மெல்ல முகர்ந்தாள், குளோரின் வாசம் எனக்கே வந்தது. கூடம் முழுக்க அவள் முகத்தைப் பார்த்தது.

“தீர்த்தத்துல நனைஞ்ச துணி” என்றாள் சத்தமாக. “யாரும் தொடக் கூடாது.”

சுருட்டி மாராப்புக்குள் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். கதவை ஒருக்களித்துவிட்டு, அந்த உடுப்பை விரித்துத் தன் இடுப்பில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு இங்கன பத்தாது மதினி,” என்றாள். “தையல் பிரிச்சு விட இடம் இருக்கா?”