சாப்பிட்டியா என்று கேட்டவன்

என் நாத்தனாரின் ஃபோனில் மெசேஜ் வந்து விழும் சத்தம் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பொறாமைதான். நாற்பத்தாறு வயதில், மகன் கோயம்புத்தூரில் வேலைக்குப் போய்விட்ட பிறகு, எவனோ ஒருவன் இன்னொருத்திக்கு அனுப்பும் நாலு வார்த்தைக்காக நான் பொருமிக்கொண்டு கிடந்தேன்.

அவள் என் கணவரின் தங்கை. என்னைவிட ஆறு வயது இளையவள். அவள் புருஷன் இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. போடிமெட்டுக்கு மேலே அவர் விட்டுப்போன சின்ன ஏலத்தோட்டத்தை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டு, போடியில் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். சிலமலைப் பக்கம் துண்டு நிலம் ஒன்று வாங்கிப் போட்டிருந்தாள். விலை ஏறட்டும் என்று நான்கு மூட்டை ஏலக்காயை விற்காமல் எங்கள் பின்னறையில் அடுக்கி வைத்திருந்தாள். அந்த நான்கு மூட்டைதான் அவள் கட்டப்போகிற வீடு. அண்ணன் வீட்டு அடுப்பில் எத்தனை நாள் பங்கு கேட்பது என்று அவளுக்கு இருந்தது. எனக்கும் அது இல்லாமல் இல்லை.

மறுமணத்துக்கென்று இருக்கிற ஆப் ஒன்றில் அவளாகவே பதிந்துகொண்டாள். இரண்டே வாரத்தில் ஒருவன் வந்தான். பம்பாயில் மசாலாக் கடை, பூர்வீகம் தேவாரம், மனைவி தவறிவிட்டார் என்று போட்டிருந்தான். படத்தில் மீசையை அளவாக ஒதுக்கிவிட்டிருந்தான். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

தோட்டத்தில் வேலை இல்லாத நாட்களில் அவளும் நானும் ஒரே ஏலக்காய்க் கடைக்குத்தான் காய் பொறுக்கப் போவோம். வெடித்த காய், வெளுத்த காய், பூச்சி விழுந்த காய் எல்லாவற்றையும் தனியாக எடுத்துப் போடும் வேலை. மதியம் தூக்குச்சட்டியைத் திறக்கும் நேரம் பார்த்து அவள் ஃபோன் சத்தம் போடும். அவள் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே என் பக்கம் நீட்டுவாள்.

"சாப்பிட்டியாம்மா? நீ சாப்பிட்டேன்னு சொன்ன பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும்."

என் கணவர் ஜீப் ஓட்டுகிறார். விடியும் முன்பே மலைத் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போய், சாயங்காலம் திரும்ப இறக்கிவிடுவார். நல்ல மனிதர். குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. ஆனால் இருபத்து மூன்று வருடத்தில் அவர் என்னிடம் கேட்டதெல்லாம் "சோறு ஆயிருச்சா?" என்பது மட்டும்தான். நான் சாப்பிட்டேனா என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்கவில்லை என்பதே எனக்கு அந்த மெசேஜைப் பார்க்கும்வரை தெரியாது. அன்றைக்கு என் வாயில் இருந்த சோறு எனக்கே இறங்கவில்லை.

கடையில் எல்லோரும் அவளை எச்சரித்தார்கள். "பணம் கேப்பான், பாத்துக்க", "நம்பர் எதாச்சும் கேட்டா சொல்லிறாத" என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அவளும் விவரமானவள்தான். ஒற்றை ரூபாய் போட மாட்டேன் என்று சொன்னாள், போடவும் இல்லை. அவனும் கேட்கவில்லை. "காசு பணம் நமக்குள்ள வேண்டாம்" என்று அவனே முந்திக்கொண்டு எழுதினான். அவன் கேட்டது சாம்பிள்.

எங்கள் ஊரில் சாம்பிள் கொடுப்பதை யாரும் கொடுப்பதாகவே நினைப்பதில்லை. வியாபாரி கேட்காமலே சாக்குக்குள் கையை விட்டு அள்ளிப் பார்ப்பான். ரெண்டைக் கடித்துப் பார்ப்பான், மிச்சத்தைப் பையில் போட்டுக்கொண்டு போவான். பார்த்துப் பிடித்தால் மூட்டை போகும், பணம் பின்னால் வரும். பிறந்ததிலிருந்து இதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு, ஒரு பொட்டலம் காயைக் கூரியரில் அனுப்பியது ஏமாறுவதாகத் தோன்றவே இல்லை. பொட்டலம் போனது. "இந்த நிறத்துக்கு இங்கே உங்கள் ஊரைவிட நல்ல விலை" என்று பதில் வந்தது. ஒரு மூட்டை அனுப்பினால் விற்று, அவள் வீட்டுக்குக் கம்பியும் சிமெண்ட்டும் தன் பொறுப்பு என்றான். ஒரு மூட்டை பார்சல் லாரியில் போனது. அது போனது போனதுதான். பிறகு போலீசில் எழுதிக் கொடுத்தோம், இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

ஆனால் அப்போது எனக்கு மூட்டையைப் பற்றிக் கவலை இல்லை. அவள் முகத்தைப் பற்றித்தான் கவலை. அது நாளுக்கு நாள் பளபளவென்று ஆகிக்கொண்டே வந்தது. நெற்றியில் விழும் முடியை ஒதுக்குவதில்கூட ஒரு தினுசு வந்துவிட்டது. அவன் ஒரு தடவையாவது வீடியோவில் பேசினானா என்று கேட்டேன். கடையில் எப்போதும் ஆள் இருக்கிறார்கள், கூச்சப்படுகிறார் என்றாள். கூச்சமாம். எனக்கு ஆத்திரமாக வந்தது.

ஒரு நாள் மதியம் வீட்டில் யாரும் இல்லாதபோது நானும் அந்த ஆப்பை என் ஃபோனில் இறக்கினேன். அவன் யோக்கியதையைப் பார்க்கத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். என்னிடமும் கேட்பானா என்று பார்க்கத்தான். திருமணமானவர் என்றால் உள்ளேயே விடவில்லை. "கணவர் இறந்துவிட்டார்" என்பதை அழுத்தினேன். அழுத்தும்போது கொடியில் அவருடைய காக்கிச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. முகத்துக்குப் பதில் பூத்திருக்கும் ஏலச்செடியின் படம் ஒன்றைப் போட்டேன். தோட்டம் இருக்கிறது என்றும் எழுதிவைத்தேன். அவனைத் தேடிப் பிடித்து வணக்கம் போட்டேன்.

ஒரு மணி நேரத்தில் பதில் வந்துவிட்டது. முகம் எதற்கு, மனசு போதும் என்று எழுதியிருந்தான். என் மனசைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்? பொய் என்று தெரிந்துகொண்டேதான் அதை மூன்று தடவை படித்தேன். நாலாம் நாளே தோட்டத்தில் எவ்வளவு காய் கிடைக்கும் என்று விசாரித்தான். அப்போதே அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. சொன்னால் நான் செய்ததும் வெளியே வரும். அதோடு அவன் என்னிடமும் பேசுகிறான் என்பதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. அவள் சிரிக்கும்போதெல்லாம், போடி பைத்தியக்காரி என்று உள்ளுக்குள் நானும் சிரித்துக்கொண்டேன்.

மிச்ச மூன்று மூட்டையும் வந்தால் நாலுக்கும் சேர்த்தே கணக்கு முடிக்கிறேன் என்று அவன் அவளுக்கு எழுதியிருந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் வீட்டில் இருந்தோம். சோறு வடித்துக்கொண்டிருந்தேன். ஃபிரிட்ஜ் மேலிருந்த அவள் ஃபோன் சத்தம் போட்டது. அரிசி டின் மேலிருந்த என் ஃபோனும் அதை ஒட்டியே சத்தம் போட்டிருக்கிறது, கஞ்சி கொட்டும் இரைச்சலில் இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டன. அவள் எடுத்துப் படித்துவிட்டு வழக்கம்போல் என்னிடம் நீட்டினாள். சாப்பிட்டியாம்மா. பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு என் ஃபோனைப் பார்த்தேன். சாப்பிட்டியாம்மா. ஒரு புள்ளிகூட மாறவில்லை.

எனக்கென்று தனியாக ஒரு வார்த்தை எழுதக்கூட அவனுக்கு மனம் வரவில்லை என்பதுதான் எனக்கு முதலில் வலித்தது. அவன் திருடன் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. மறுநாள் காலையில் மிச்ச மூன்று மூட்டையும் பார்சல் ஆபீசுக்குப் போகப்போகின்றன என்பது அதற்கும் பிறகு.

அன்றைக்கு முழுவதும் வாய் திறக்கவில்லை. திங்கட்கிழமை அவர் மலைக்குப் போகாமல் ஜீப்பை வாசலுக்குக் கொண்டுவந்து, மூட்டைகளை ஏற்றிக் கயிறு போட ஆரம்பித்தார். மூன்றாவது மூட்டை பின்னறையைவிட்டு வெளியே போனபோது அந்த இடத்தில் வெறும் சுவர் தெரிந்தது. அவள் வீடு போகிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"தாயி, இங்கன வா" என்று அவளை அடுப்படிக்குள் கூப்பிட்டேன். என் ஃபோனைத் திறந்து அவள் கையில் கொடுத்தேன். "நாந்தான் எழுதுனேன். நான் பண்ணுனது தப்புதான். படிச்சுப் பாத்துட்டு லோடை அனுப்பு."

அவள் மேலிருந்து கீழாக, அவசரமில்லாமல் படித்தாள். நான் பதிந்து வைத்த விவரத்தையும் திறந்து பார்த்தாள். "எங்கண்ணனக் கொன்னுட்டீங்களே மதினி" என்றாள். குரலில் கோபம் இல்லை. பிறகு தன் ஃபோனை எடுத்துவந்து என்னுடையதன் பக்கத்தில் வைத்து, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

வாசலில் ஹாரன் அடித்தது. "என்ன சோலி உள்ள? வெரசா வாங்க" என்று அவர் கூப்பிட்டார்.

அவள் எட்டிப் பார்த்து, "மூட்டைய எறக்கி வச்சிரு அண்ணே. காய் இன்னும் ஒரு காய்ச்சல் காயணும் போலருக்கு" என்றாள். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. கும்பிட வேண்டும் போல இருந்தது.

அவள் திரும்பி வந்து ஞாயிற்றுக்கிழமை மெசேஜ்களின் மேல் விரலை வைத்தாள். அவள் ஃபோனில் மணி ஒன்று பதின்மூன்று. என் ஃபோனில் ஒன்று பன்னிரண்டு. கண் நிறைய நீர் கோத்திருந்தது. பார்வையில் இருந்தது அழுகை மட்டும் இல்லை. அது என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டு மாதமாக அதை வைத்துக்கொண்டுதானே நான் திரிந்தேன்.

"ஒங்களுக்கு ஒரு நிமிசம் முந்தி கேட்டிருக்கான் மதினி" என்றாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கப்படுகிறேன் என்று அவள் நினைத்திருப்பாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அதை மறைக்கத்தான் குனிந்தேன்.