ஏழு வருசம் மோந்து பார்த்த சட்டை

மதிவாணன் பீடி பிடிக்கிறவன் என்பது மந்தாரக்குப்பத்து டீக்கடையில் எல்லாருக்கும் தெரியும். அவன் பெண்டாட்டி தனத்துக்கு மட்டும் தெரியாது. கட்டினவளை ஏழு வருசம் ஏமாற்றுவது லேசான காரியமா? அவனுக்கு லேசாகத்தான் இருந்தது. அவன் பார்த்த வேலை அப்படி.

சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பக்கம் நிற்கிற கான்ட்ராக்ட் ஆள் அவன். வெட்டின பழுப்பு நிலக்கரி வெயிலில் கிடந்தால் தானாகவே கனன்று புகையும். அதனால் தீப்பெட்டி உள்ளே போகக் கூடாது. கேட்டிலேயே தடவிப் பார்ப்பார்கள். இவன் ஷிஃப்டுக்கு முன்னால் மூன்று, முடிந்த பிறகு டீக்கடைக்குப் பின்னால் நாலு என்று இழுத்துவிட்டு, ஏலக்காயைக் கடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவான்.

கல்யாணமான புதிதில் தனம் அவன் சட்டையை மோந்து பார்த்தாள். "என்னங்க இது, பொக நாத்தம்?"

"சொரங்கத்துல கரி பொகைஞ்சிகினே கெடக்குது புள்ள. அதுல நிக்கிறவன் மேல மல்லிப்பூவா மணக்கும்?"

சிரித்தாள், நம்பிவிட்டாள். அதுதான் கேடு. அன்றிலிருந்து அவன் சட்டைக்குத் தனி பக்கெட். தினமும் ஒரு தரம் மோந்து பார்த்து, "பாவம்" என்று சொல்லி ஊறவைப்பாள். அவன் இருமினால் சுக்கு தட்டுவாள்.

மாசியில் இருமல் கூடிப்போனது. அவனிடம் கேட்காமலே சூப்பர்வைசர் பாலகுமார் வீட்டு வாசலில் போய் நின்றுவிட்டாள். "புழுதியும் பொகையும் எங்கூட்டுக்காரரத் தின்னுதுங்க சார். வேற எடத்துல போடுங்க." அவரும் மனசிரங்கி, மதிவாணனைச் சாமான் அறைக்கு மாற்றினார். அவன் நின்ற இடத்தில் கலைச்செல்வனைப் போட்டார். ஐம்பத்து மூன்று வயது, பீடியைக் கையால் தொட்டதில்லை, ஏற்கெனவே இளைப்புக்காரர்.

கேட்டில் பார்த்தால் கலைச்செல்வன் விடமாட்டார். "இன்னாடா தம்பி, புது மாப்ள கணக்கா நெழல்ல குந்திகினு இருக்க?" சிரித்து முடிப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கும். மதிவாணன் தரையைப் பார்த்துக்கொண்டு நடப்பான். உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பங்குனியில் ஒரு மருத்துவ முகாம் வந்தது. தனமும் கூடவே வந்தாள். "பீடி, சிகரெட்டு பழக்கம் உண்டா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"அவரு தொடவே மாட்டாருங்க," என்று தனம் முந்திக்கொண்டாள். "எல்லாம் சொரங்கப் பொக. வேணும்னா பாருங்க, பின்னாடி நிக்கிறாரே கலைச்செல்வன் அண்ணன், அவருந்தான் பீடி தொடாதவரு. இவரு எடத்துக்குப் போனதுலேருந்து எப்டி இருமுறாரு!"

டாக்டரம்மா அவன் விரல் நுனியைப் பார்த்தார். மஞ்சளாக இருந்தது.

"வயசு?"

"முப்பத்து மூணுங்க."

"பிடிக்கிற ஆளா இருந்தா இப்பவே விட்டுடணும். நாப்பதுக்குள்ள விட்டா, பொகையால வர்ற புத்துநோய் ஆபத்துல பெரும்பகுதி வருசம் போகப்போகக் கொறைஞ்சிடும். அம்பதுல விட்டாலும் நல்லதுதான், ஆனா இந்த அளவுக்கு வராது. உண்மையச் சொன்னாத்தான் நான் ஏதாச்சும் செய்ய முடியும்."

வரிசையில் கலைச்செல்வன் இருமினார்.

"பதினேழு வயசுலேருந்துங்க," என்றான் மதிவாணன்.

"சத்தமாச் சொல்லுப்பா."

"பதினேழு வயசுலேருந்து பீடி. ஒரு நாளைக்கு ஏழு, எட்டு." வரிசை முழுக்கக் கேட்டது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கலைச்செல்வன் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

தனம் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். வெளியே வந்த பிறகுதான் கேட்டாள். "சூப்பர்வைசர் சார் மூஞ்சில நான் எப்டிங்க முழிப்பேன்? நீங்களே போங்க. போயி அந்த அண்ணன் நிக்கிற ஒங்க பழைய எடத்தத் திருப்பி வாங்கிகினு வாங்க."

போனான். "ஒம் பொண்டாட்டிய வச்சி நாடகமாடா ஆடுன?" என்றார் பாலகுமார். நின்று வாங்கிக்கொண்டான். மறுநாளே பெல்ட் பக்கம் போனான். கலைச்செல்வன் இடத்தைவிட்டு நகர்ந்து, "மொதல்ல அந்தச் சனியன வுடுடா," என்று மட்டும் சொன்னார்.

விட்டுவிட்டான். முதல் பத்து நாள் தூக்கம் வரவில்லை, எரிச்சலில் டம்ளரை வீசினான். டாக்டரம்மா கொடுத்த மாத்திரையை விழுங்கிக்கொண்டு பல்லைக் கடித்தான். இன்றோடு நாற்பத்தாறு நாள். இருமல் கொஞ்சம் தணிந்திருக்கிறது.

சட்டையில் இப்போது சுரங்கத்தின் வாசனை மட்டும்தான். தனம் அதை எல்லார் துணியோடும் ஒரே பக்கெட்டில் போட்டு அலசுகிறாள். மோந்து பார்ப்பதில்லை. ஒரே ஒரு தரம் பார்க்க மாட்டாளா என்று அவன் தினமும் குழாயடியில் நிற்கிறான்.