ஞாயிற்றுக்கிழமை ஹவுஸ்ஃபுல்

மார்த்தாண்டத்தில் எங்கள் வீட்டுப் பக்கத்துத் தியேட்டர் முதலாளி இப்போது ஜெயிலில் இருக்கிறார். அந்த மனுஷனால் என் வீட்டுக்காரர் எத்தனையோ வருடம் கூடுதலாகத் துபாய் வெயிலில் வெந்தார். ஆனாலும் முதலாளியை நினைத்தால் எனக்கு முதலில் வருவது சிரிப்புதான். ஏச்சு அப்புறம்தான் வரும். வந்தால் லேசில் நிற்காது, அது வேறு.

ஆள் ஒன்றும் திடீர்ப் பணக்காரர் இல்லை. அதே தியேட்டரில் சைக்கிள் ஸ்டாண்டைக் குத்தகைக்கு எடுத்துத் தொழில் தொடங்கியவர். பிறகு கேன்டீன், பிறகு தியேட்டரே குத்தகை, கடைசியில் கிரயம். முதலாளி ஆன பிறகும் வெள்ளை வேட்டியில் வாசலில் நின்று, வருகிற எல்லோரிடமும் "சாப்பிட்டியளா?" என்று கேட்பார். அதிலேயே பாதி ஊர் உருகிப் போனது. தக்கலையிலும் களியக்காவிளையிலும் புதுத் தியேட்டர் கட்டப் போவதாகச் சொல்லி முதலீடு வாங்க ஆரம்பித்தார். மாதா மாதம் வட்டி. அதோடு, பணம் போட்ட குடும்பத்துக்கு ஞாயிறு மாலைக் காட்சிக்கு இலவச பாஸ்.

வட்டி கிடக்கட்டும், எங்கள் ஆட்களை விழத்தட்டியது அந்தப் பாஸ்தான். ஏக்கர் கணக்கில் ரப்பர் வைத்திருப்பவர்கள்கூட, சினிமா டிக்கெட்டுக்கு என்றால் மடியை அவிழ்க்க யோசிப்பார்கள்.

என் வீட்டுக்காரர் துபாயில் ஏசி மெக்கானிக். கல்யாணமானதிலிருந்து லீவுக்கு லீவு பார்த்த புருஷன். அந்த முறை வந்தபோது, சேர்த்த காசில் ஊரிலேயே ஒரு ஏசி சர்வீஸ் கடை போட்டுவிட்டு இனி திரும்பிப் போவதில்லை என்று முடிவு செய்திருந்தார். கடைக்கு இடம்கூடப் பார்த்தாயிற்று. என் கெட்ட நேரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் தன்னுடைய பாஸில் எங்களையும் தியேட்டருக்குக் கூட்டிப் போனான்.

கூட்டம் என்றால் அப்படியொரு கூட்டம்! படமோ படு மோசம். இவர் திரையைப் பார்க்கவே இல்லை, திரும்பித் திரும்பி நாற்காலிகளைத்தான் பார்த்தார்.

"ஏட்டி, இந்தப் படத்துக்கே இவ்வளவு ஆளு. அப்பம் வருமானம் எவ்வளவு இருக்கும், பாத்தியா?"

"இருந்தா அவருக்கு இருக்கட்டு. நீங்க படத்தப் பாருங்க."

"ரெண்டு வருசம் இஞ்ச போட்டு வச்சா கடைய பெருசா தொடங்கலாம்."

"எனக்குச் சின்னக் கடை போதும். நீங்க ஊருல இருந்தாச் சரி" என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே! காசு முதலாளியிடம் போனது, இவர் துபாய்க்குப் போனார்.

கொஞ்ச நாள் வட்டி ஒழுங்காக வந்தது. அப்புறம் தள்ளித் தள்ளி வந்தது. அப்புறம் நின்றது. போலீஸ் வந்து முதலாளியைக் கூட்டிப் போனது. இந்த மாதிரி பண மோசடிக்கென்று தனிக் கோர்ட் மதுரையில் இருந்ததால் வழக்கும் அங்கேதான். பணம் போட்டவர்கள் எல்லோரும் வேன் பிடித்து, கட்டுச்சோறும் நேந்திரங்காய் வற்றலுமாகப் போவோம். வயிறு எரியும்தான், ஆனால் பத்துப் பேர் சேர்ந்து ஏசுவதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது.

ஒரு நாள் தியேட்டர் மேனேஜரைக் கூண்டில் ஏற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் டிக்கெட் எவ்வளவு விற்கும் என்று வக்கீல் கேட்டார்.

"ஞாயித்துக்கெழம டிக்கெட் எங்க சார் விக்கும்? எல்லாம் பாஸுல்லா. பணம் போட்டவங்களே வந்து நெறஞ்சிருவாங்க."

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். என் வீட்டுக்காரர் கண்ணை விரித்துப் பார்த்த கூட்டம் அண்ணனும் அண்ணியும் பக்கத்து வீட்டுக்காரர்களும்தான்! எங்களைப் பார்த்து அவர்களும், அவர்களைப் பார்த்து நாங்களும் நம்பியிருக்கிறோம். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கோர்ட் என்றுகூடப் பார்க்காமல் சிரித்துவிட்டேன். போலீஸ்காரர் முறைத்தார்.

கடைசியில் தண்டனை சொன்னார்கள். போலீசோடு வெளியே வந்த முதலாளி எங்களைப் பார்த்ததும் பழைய பழக்கத்தில், "சாப்பிட்டியளா?" என்றார். "ஆச்சு அண்ணாச்சி" என்று நாங்களும் ஒரே குரலில் சொல்லித் தொலைத்தோம். அப்புறம்தான் ஏச்சு ஞாபகம் வந்தது. அதற்குள் வண்டி போய்விட்டது.

துபாய்க்கு போன் போட்டேன்.

"காசு எப்பம் கிட்டும்?" என்றார்.

"தியேட்டர ஏலம் விட்டு, எல்லாருக்கும் பங்கு வச்சு... எப்பமோ."

"அப்பம் அது கிட்டட்டு. கிட்டுன ஒடனே வந்திருதேன்."

இந்தச் சாக்கைத்தான் வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"காசுக்குக் காத்திருந்தது போதும். கடையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். பையைத் தூக்கிட்டு வீடு வீடா ஏசி ரிப்பேர் பண்ணுங்க. இந்த மாசம் வரல்லன்னா, பொறவு இந்த நம்பருக்குப் போன் போடாதுங்க!"

மெதுவாக, "சரிட்டி" என்றார்.

திருவனந்தபுரம் ஏர்போர்ட்டிலிருந்து டாக்ஸியில் வந்தோம். எங்கள் ஊரில் துபாய்க்காரன் வந்து இறங்கினால் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வியை டிரைவரும் கேட்டார்.

"லீவு எத்தன மாசம், அண்ணே?"

அவர் பழக்கத்தில் பதில் சொல்ல வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார்.

"லீவு இல்ல தம்பி" என்றேன் நான். "வீட்டுக்கு வந்திருக்காரு."