கரையில் சொன்ன சொல்

ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர் அதற்கு முன் வீடு வீடாகப் போய், "குற்றம் குறை இருந்தாப் பொறுத்துக்கங்க" என்று கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். அப்போது யார் கேட்டாலும் ஊர் பொறுத்துவிடும். கேட்கிறவருக்கும் வெட்கமில்லை. சாய்ந்தமருதில் கரைவலை வைத்திருந்த ஸைனுலாப்தீன் அந்த நாளை நம்பித்தான் இருந்தார்.

அவருடைய அக்கா மைமூனா ராத்தாவின் கணவர் கச்சிமுகம்மது, அவர் வலையிலேயே கயிறு இழுத்தவர். ஒருநாள் புதுக் கயிற்றுச் சுருள் ஒன்றைக் காணவில்லை. கரையில் நின்ற அத்தனை பேர் முன்னும் ஸைனுலாப்தீன் மச்சானைப் பார்த்து, "கள்ளன்!" என்றார். மச்சான் சாரத்தை உதறிக் கட்டிக்கொண்டு போய்விட்டார். சுருள் பிறகு வலை வைக்கும் வாடிக்குள்ளேயே, பழைய வலைக்கடியில் கிடந்தது.

மச்சான் அதன்பின் பெரியநீலாவணை வரை நடந்துபோய் வேறு வலையில் இழுத்தார். விடியற்காலை சுபஹுத் தொழுகைக்கு முன்னமே வேலியோரம் அவர் இருமிக்கொண்டு போகும் சத்தம் கேட்கும். ஸைனுலாப்தீன் பாயில் எழுந்து உட்காருவார். 'ஹஜ்ஜுக்குப் போகக்குள்ள கேட்டா ஆச்சு' என்று மறுபடி சாய்ந்துவிடுவார். வருடங்கள் இப்படியே போயின. ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்துக்குப் பின் வந்த காய்ச்சலில் மச்சான் மௌத்தானார்.

அடுத்த வருடமே ஸைனுலாப்தீனுக்கு அல்லாஹ் ஹஜ்ஜை நாடினான். ஊரெல்லாம் பொறுத்தது. ராத்தா வீட்டு வாசலுக்கு மட்டும் கடைசியாகத்தான் போனார்.

"என்னத்துக்கு வந்த, தம்பி?"

"மச்சானுக்குச் சொன்ன சொல்லுக்கு... நீங்க பொறுக்கணும், ராத்தா."

"எனக்கா சொன்ன? அவருக்குச் சொன்னத நான் எப்படிப் பொறுக்கிற? கரையில சொன்ன. கரையிலயே போய்த் திருப்பி எடு."

மறுநாள் வலை பாதி கரையேறும்போது அவர் தண்ணீரோரம் போய் நின்றார். "கச்சிமுகம்மது கள்ளனில்ல. நான்தான் பொய் சொன்னன்" என்றார். கயிறு நின்றது. வலையிழுக்கும் அதாவுல்லா, "மொதலாளி, வலைமடி கனக்குது, இழுத்துப்போட்டுக் கேப்பமே" என்றான். யாரும் சிரிக்கவில்லை. யாரும் பொறுத்தேன் என்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர் மண்ணுக்குள் இருந்தார்.

பயணத்தன்று ராத்தா வந்தார். "பொறுத்தன் எண்டு நான் சொல்லமாட்டன். அங்க போய் அவருக்காக துஆக் கேளு" என்று மட்டும் சொன்னார். ஸைனுலாப்தீன் அந்தப் பாரத்தோடேயே கப்பலேறினார்.

திரும்பி வந்த பிறகும் அவருடைய முன்கோபம் முழுதாகப் போய்விடவில்லை. ஒரு பகல் அதாவுல்லாவைக் கண்டபடி ஏசிவிட்டார். அன்றே அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லுமுன், வெயிலில் கால் இழுத்து இழுத்து அவன் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"என்ன ஹாஜியார், இந்த வெயிலுக்குள்ள? நான் அத அங்கேயே மறந்திட்டன்."

"நான் மறக்கல்ல, மனே" என்றார் ஸைனுலாப்தீன், வேலிக்கம்பைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டு. "நீ இருக்கக்குள்ளயே கேட்டிடுறன்."