காற்றில் காய்த்த மல்லாட்டை

போன மாதம் நான் அறிவியலுக்கு ஒரு தொண்டு செய்தேன். அதில் பிளஸ் ஒன் படிக்கிற ஒரு பெண் பொய்க்காரி ஆகிவிட்டாள்.

எனக்குப் படிப்பு எட்டாவதோடு சரி. நான் பள்ளிக்கூடத்தை விட்டேன் என்று வெளியே சொல்லிக்கொள்வேன். உண்மையில் பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது. மயிலம் போகிற ரோட்டில் நான் ஒரு நர்சரி வைத்திருக்கிறேன். செடி விற்கிறவனுக்கு ஒரு வசதி உண்டு — செடி திருப்பிப் பேசாது. அதனால் நாள் முழுக்க நானே பேசலாம்.

எங்கள் நர்சரிக்குப் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளி. அங்கே ஜெசிந்தா டீச்சர் தாவரவியல் எடுக்கிறார். ரெக்கார்ட் நோட்டில் படம் வரைந்து கலர் அடிப்பதற்குப் பெயர்தான் ப்ராக்டிகல் என்று எல்லோரும் நிம்மதியாக இருக்கிற காலத்தில், இவர் கொஞ்சம் பேஜார் பிடித்த டீச்சர். இலையை வேக வைத்து அயோடின் விடச் சொல்வார். வெங்காயத்தோலை உரித்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்வார். பிள்ளைகள் கேள்வி கேட்டால் பதில் சொல்லமாட்டார்... "செஞ்சு பாரு" என்பார்.

ஆகஸ்டில் ஒருநாள் பிள்ளைகளோடு வந்தார்.

"அண்ணே, ஸ்கூல்ல புதுக் கட்டடத்துக்குத் தோண்டிப் போட்டுக்கினு இருக்கறாங்க. இங்க பன்னெண்டு பை வைக்க இடம் குடுங்க. மல்லாட்டை போடப்போறோம்."

"அவிக்கறதுக்கா, வறுக்கறதுக்கா டீச்சர்?"

பிள்ளைகள் சிரித்தார்கள். பவித்ரா மட்டும் சிரிக்கவில்லை. கிளியனூர்ப் பெண். அப்பா மல்லாட்டை போடுகிறவர். இந்தப் பரிசோதனையே அவள் கேட்ட கேள்வியில் ஆரம்பித்ததுதான்.

மல்லாட்டை — நீங்கள் வேர்க்கடலை என்பீர்கள் — ஒரு வினோதமான செடி. பூ மேலே பூக்கும், காய் மண்ணுக்குள்ளே காய்க்கும். பூ உதிர்ந்ததும் அந்த இடத்திலிருந்து ஊசி மாதிரி ஒன்று நீண்டு மண்ணுக்குள் இறங்கும். அதை விழுது என்போம். அதன் நுனிதான் காயாகிறது. பவித்ரா கேட்டது இதுதான்: விழுதை மண்ணைத் தொட விடாமல் பிடித்து வைத்தால், காற்றிலேயே காய் வைக்குமா?

வைக்காது என்று புத்தகத்தில் இருக்கிறதாம். டீச்சர் அதைச் சொல்லவில்லை. செஞ்சு பாரு!

ஆறு பையில் செடியை அதன் போக்கில் விடுவது. மீதி ஆறு பையில் குச்சி நட்டு, கிளைகளைத் தூக்கிக் கட்டி, விழுதை அந்தரத்தில் தொங்கவிடுவது. இதை டீச்சர் எனக்கும் நின்று விளக்கினார். நான் எங்கே கேட்டேன்? 'காய் வைக்குமா வைக்காதான்னு தெரியணும்னா கிளி ஜோசியக்காரரைக் கூப்பிடுங்க டீச்சர்' என்று ஒரு ஜோக் நெஞ்சுவரை வந்து நின்றது. அதை எங்கே சொருகலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பவித்ரா தினமும் ஸ்கூல் விட்டதும் ஸ்கேலும் நோட்டுமாக வருவாள். ஒவ்வொரு விழுதுக்கும் கலர் நூல் கட்டி, நீளம் எழுதுவாள். "இன்னாம்மா, செடிக்குச் சட்டை தைக்கப் போறியா?" என்பேன். நிமிரமாட்டாள்.

காலாண்டு லீவு வந்தது.

"தண்ணி மட்டும் ஊத்துங்கண்ணே. வேற எதுவும் வேணாம்" என்றார் டீச்சர்.

"தண்ணி மட்டும்னா, என்னைப் பாத்தா போர்வெல் மாதிரியா இருக்குது?"

லீவின் முதல் நாள் காலை. ஹோஸ் பைப்போடு போய் நின்று, முதல்முறையாக அந்த ஆறு பையை ஒழுங்காகப் பார்த்தேன். பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. நாற்பது நாள் தாண்டிய மல்லாட்டை. விழுதெல்லாம் அநாதையாகத் தொங்குகிறது!

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. நாற்பது நாள் மல்லாட்டையைப் பார்த்தால் மண் அணைக்காமல் இருக்க முடியாது. களையெடுத்து, தூரைச் சுற்றி மண்ணை ஏற்றினால்தான் விழுது இறங்கும், காய் பிடிக்கும். இதைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டாம், கை தானாகச் செய்யும். பஸ்ஸில் போகும்போது அடுத்தவன் கொல்லையில் மண் அணைக்காமல் கிடந்தால்கூட ஜன்னல் வழியாகத் திட்டுகிற ஜாதி நாங்கள்.

'படிச்ச புள்ளைங்க... தக்காளிக்குக் குச்சி கட்டுற மாதிரி மல்லாட்டைக்குக் கட்டி வெச்சிருக்குதுங்களே!' என்று நினைத்தேன். பரிதாபப்பட்டேன். கொஞ்சம் பெருமையும் பட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கட்டை அவிழ்த்தேன். கிளைகளைப் படிய வைத்தேன். செம்மண்ணைக் கொட்டி, ஆறு பைக்கும் அழகாக அணைத்தேன். பையில் இங்கிலீஷில் எழுதிய ஓர் அட்டை தொங்கியது. ஏ, பி, சி, டி எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாக வந்தால் சமாளிப்பேன்... கூட்டமாக வந்தால் ஒதுங்கிவிடுவேன்.

எட்டு நாள் கழித்து, லீவின் கடைசி நாள், என் மனைவி செல்வி அந்தப் பக்கம் வந்தாள். அவள் பன்னிரண்டாவது பாஸ். அட்டையைப் படித்தாள்.

"யோவ், இந்தப் பையில மண்ணு யாரு போட்டது?"

"நான்தான். சூப்பரா இருக்குது இல்ல?"

"விழுதுல மண்ணு படக்கூடாதுன்னு போட்டிருக்குதுய்யா! இது புள்ளைங்க பரிசோதனை. டீச்சருக்கு ஜல்தியா போன் போட்டுச் சொல்லு."

போன் போட்டேனா? இல்லை. ஸ்பூன் எடுத்தேன். உட்கார்ந்து, மண்ணை வழித்து, விழுதுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். நுனியெல்லாம் லேசாகத் தடித்திருந்தது, குழந்தையின் சுண்டுவிரல் நுனி மாதிரி. துணியால் துடைத்தேன். பழையபடி தூக்கிக் கட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை என்று செடியிடம் சொன்னேன். அதுதான் பேசாதே!

மறுநாள் டீச்சரோடும் பிள்ளைகளோடும் பவித்ரா வந்தாள். குனிந்தாள். பிறகு ரோடு வரைக்கும் கேட்கும்படி கத்தினாள்.

"டீச்சர்! காத்துலயே காய் வெச்சிருக்குது டீச்சர்!"

அந்தப் பெண் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். டீச்சர் நெற்றியைச் சுருக்கினார். "புக்குல வேற மாதிரி இருக்குதே பவித்ரா..."

"நீங்கதானே டீச்சர் சொன்னீங்க? கண்ணால பாத்ததை எழுதுன்னு. பாருங்க, ஆறு செடியிலயும் இருக்குது!"

டீச்சர் என்னைப் பார்த்தார். "அண்ணே, லீவுல யாராவது தொட்டாங்களா?"

இதுதான் இடம். 'நான்தான் தொட்டேன்' — இரண்டே வார்த்தை. எட்டாவது ஃபெயிலானவனுக்குக்கூட வருகிற வார்த்தை.

"காத்தும் வெயிலும் தொட்டுச்சு டீச்சர். அதுங்களுக்கு லீவு கிடையாதே!"

எல்லோரும் சிரித்தார்கள். பவித்ராவும் சிரித்தாள். பாவி, அந்தச் சிரிப்புக்காகவே வாயை மூடிக்கொண்டேன்.

நோட்டில் எழுதினாள். சார்ட் போட்டாள். விழுப்புரத்தில் நடக்கிற அறிவியல் கண்காட்சிக்கு அவள் செடி தேர்வானது. பைகளை ஏற்றிப் போனது யார்? நம்ம வண்டிதான். பவித்ராவின் அப்பா கொல்லை வேலையை விட்டுவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தார்.

நடுவர் ஒரு காலேஜ் புரொபசர். நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். பிறகு கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

"மேல பாதி ஊதாவா இருக்குது. கீழ பாதி வெளுத்துப் போயிருக்குது. வெளிச்சத்துலயே இருந்த விழுது எப்படிம்மா வெளுக்கும்?"

பவித்ரா நோட்டைப் புரட்டினாள்.

அவர் விழுதை விரலால் தடவினார். மேலே இருக்கிற பூனைமுடியில் செம்மண் துகள் ஒட்டியிருந்தது.

"மண்ணுல புதைச்சு எடுத்திருக்கீங்க. ரிசல்ட் புதுசா வரணும்னு இப்படிச் செய்யலாமா?"

"இல்ல சார்... நான் செய்யல சார்."

அவள் அப்பா சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஓரடி தூரத்தில். சுற்றிலும் கூட்டம். கூட்டத்தைப் பார்த்தால் எனக்கு ஒன்றுதான் வரும்.

"சார், மண்ணுல வளர்ற செடியில மண்ணு ஒட்டாம, இட்லி மாவா ஒட்டும்?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. புரொபசரே சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே அவள் பெயருக்கு நேராகக் கோடு போட்டுவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார்.

திரும்பும்போது டீச்சரும் பவித்ராவும் வண்டியில் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். விக்கிரவாண்டி தாண்டினோம். மயிலம் கூட்டு ரோட்டில் வண்டியை ஓரம் கட்டிச் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். ஸ்பூன் வரைக்கும்.

டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பவித்ரா கத்துவாள் என்று நினைத்தேன். அவள் பையிலிருந்து நோட்டை எடுத்தாள்.

"எந்தத் தேதில மண்ணு அணைச்சீங்க?"

சொன்னேன்.

"எந்தத் தேதில எடுத்தீங்க?"

சொன்னேன். எழுதினாள். எழுதி முடித்து, மூடியை மாட்டிவிட்டுக் கேட்டாள்: "எங்க அப்பா நின்னுக்கினு இருந்தாரே... அப்போ சொல்றதுக்கு இன்னாண்ணே?"

நானும் யோசித்துப் பார்க்கிறேன். இன்னா?

போன வாரம் அந்தப் புரொபசரைத் தேடி விழுப்புரம் போனேன். என்னைப் பார்த்ததுமே அவருக்குச் சிரிப்பு. "வாங்க, இட்லி மாவு!" என்றார். நான்தான் மண் அணைத்தேன் என்றேன். இன்னும் சிரித்தார். சத்தியம் செய்தேன். எழுந்து வந்து தோளில் தட்டினார்.

"அந்தப் பொண்ணுக்காக இவ்ளோ தூரம் வந்து பழியை ஏத்துக்கறீங்க. நல்ல மனசுங்க உங்களுக்கு. ஆனா தப்புக்குத் துணை போகாதீங்க."

டீ வாங்கிக் கொடுத்து அனுப்பி வைத்தார்.

பவித்ரா கிளியனூரில் தன் வீட்டுக் கொல்லையிலேயே திரும்பப் பைகளில் விதை போட்டிருக்கிறாள். போய்ப் பார்த்தேன். உள்ளே கூப்பிட்டாள், தண்ணீர் கொடுத்தாள், பைகள் இருந்த பக்கம் மட்டும் விடவில்லை. புரொபசர் நம்பவில்லை என்று சொன்னேன்.

"நீங்க சிரிக்கிற மாதிரி சொல்லியிருப்பீங்கண்ணே" என்றாள்.

இல்லை என்று அடித்துச் சொன்னேன். அவள் அப்பா சிரித்தார்.

சீரியஸாகப் பேசுவதற்கு எந்தப் பள்ளியிலாவது ப்ராக்டிகல் நடத்துகிறார்களா? தெரிந்தால் சொல்லுங்கள்... கடைசி பெஞ்ச் கிடைத்தாலும் போதும்.