டாக்டர் அத்ஹமுக்குத் துக்கம் விசாரித்தவர்கள்

எகிப்தின் தன்தா நகரத் தபால் நிலையத்தில் தந்தி எழுதுவது பஹீஜாவின் வேலை. "நலம். கடிதம் போடு" என்று குவைத்தில் இருக்கும் புருஷனுக்குத் தந்தி கொடுக்க வரும் பெண்ணிடம், "இவ்வளவுதானா? ஏங்குறேன்னு ஒரு வார்த்தை போட்டா வாய் வலிக்குமா?" என்று கேட்டு, தானே அதைச் சேர்த்துவிடுவாள். அப்படிப்பட்ட கை சும்மா இருக்குமா? நாவல் எழுத ஆரம்பித்தது.

இருபது வருடத்தில் நாற்பத்தோரு காதல் நாவல்கள். எல்லாமே கல்யாணத்தில் முடியும். வாரப் பத்திரிகையில் அவள் தொடர்கதை வரும் வியாழக்கிழமைகளில், அவள் குடியிருந்த கட்டடத்தில் பாதி அடுப்புகளில் மொலோகியாக் கீரை அடிப்பிடிக்கும்.

படிக்காதவர் ஒரே ஆள்தான்: ரயிலில் டிக்கெட் பரிசோதிக்கும் அவள் புருஷன் ஃபிக்ரி. பத்திரிகையை நீட்டினால், "காதல் கதைதானே" என்று சொல்லிவிட்டு ஷூவைக் கழற்றுவார். ஊரே படித்து என்ன, இந்த மனுஷன் ஒரு பக்கம் புரட்டவில்லையே என்று அவளுக்கு ஒரே வயிற்றெரிச்சல்.

அந்த எரிச்சலில்தான் டாக்டர் அத்ஹமைக் கொன்றாள். தொடர் முடிய ஒரே வாரம் இருக்கும்போது, கதாநாயகி நதாவுக்கு மோதிரம் வாங்கித் திரும்பும் வழியில் கார் விபத்து. சாவு வந்தால் பெரிய இலக்கியம் ஆகிவிடும், அப்போதாவது மதிப்பார் என்று நினைத்தாள்.

அந்த இதழ் வந்த அன்று மாலையே மூன்றாம் மாடி நஃபீசா கறுப்பு உடையில், சர்க்கரை போடாத துக்கக் காப்பியோடு வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "அல்லா உனக்குப் பொறுமையத் தரட்டும், பஹீஜாக்கா."

"ஏண்டி, யாருடி செத்தது?"

"கேக்குறதப் பாரு! நீதானேக்கா கொன்ன!"

பின்னாலேயே பன்னிரண்டு பெண்கள் வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். துக்கத்துக்கு வந்தவர்களை விரட்ட முடியுமா? பஹீஜா பல்லைக் கடித்துக்கொண்டு காப்பி ஊற்றினாள்.

வேலை முடிந்து வந்த ஃபிக்ரி, வாசலில் செருப்புக் குவியலைப் பார்த்து உள்ளே ஓடிவந்தார். "யாரு? எங்கம்மாவா?"

"இல்லண்ணே, டாக்டர் அத்ஹம்" என்று நஃபீசா மூக்கைச் சிந்தினாள்.

ஃபிக்ரி தொப்பியைக் கழற்றினார். "அத்ஹமா? நதாவுக்கு மோதிரம் வாங்கத்தானே கிளம்பினான்! இன்னிக்குன்னு பாத்து எந்தக் கடையிலயும் பத்திரிகை கிடைக்கல..."

பஹீஜா காப்பிப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "எத்தனை நாளா படிக்கிறீங்க?"

"முதல் கதையிலேர்ந்து. ரயில்ல, கார்டு பெட்டியில."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உன் கதையில வர்றவனுங்க மாதிரி எனக்குப் பேச வராது, பஹீஜா. படிக்கிறேன்னு சொன்னா, நீயும் அப்படிப் பேசுன்னு கேட்டுடுவியோன்னு பயம்." பன்னிரண்டு பெண்கள் பார்ப்பதைக்கூட அவர் மறந்துவிட்டார். "அவன எழுப்பிடும்மா. நீ இல்லேன்னா எனக்கு வியாழக்கிழமையே இல்ல."

பஹீஜா வாய்விட்டு அழுதாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

அடுத்த வாரம், செத்தது வேறு யாரோ என்று ஆனது. ஆஸ்பத்திரியில் கண் திறந்த அத்ஹம் நதாவிடம் முதலில் சொன்னது: "நீ இல்லேன்னா எனக்கு வியாழக்கிழமையே இல்ல." பத்திரிகைக்குக் கடிதங்கள் மூட்டையாக வந்தன. இப்படியெல்லாம் எழுத உங்களுக்கு எப்படித்தான் தோன்றுகிறது என்று எல்லோருக்கும் ஒரே கேள்வி.

பஹீஜா அத்தனை பேருக்கும் ஒரே பதில்தான் போட்டாள்: "அந்த வரி நான் எழுதியதல்ல. என் புருஷன் சொன்னது."